அடுப்படியில் எடுக்கும் முடிவு

2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுவதும் 1,103 ஊர்களிலிருந்து 6,432 பால் மாதிரிகளைத் திரட்டிச் சோதித்தது. யூரியா, சோப்புத்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆபத்தான கலப்படம் எத்தனை மாதிரிகளில் இருந்தது என்று கேட்டால், பலர் ஆயிரத்துக்குக் குறையாமல் ஒரு எண்ணைச் சொல்வார்கள். உண்மையில் 12 மாதிரிகளில்தான் இருந்தது. ஆனால் அதே ஆய்வில் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்-1 என்ற பூஞ்சை நச்சு வரம்பை மீறியிருந்தது. 77 மாதிரிகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் அளவுக்கு மேல் இருந்தது. நச்சு அதிகம் தென்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இந்த நச்சையும் மருந்து எச்சத்தையும் யாரும் பாலில் கொண்டுவந்து ஊற்றவில்லை. ஈரம் பட்ட மூட்டையில் பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மாடு தின்கிறது. அதிலுள்ள நச்சை மாட்டின் கல்லீரல் சற்றே உருமாற்றிப் பாலில் இறக்கிவிடுகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போவதில்லை. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து உடலிலிருந்து இறங்கும்வரை சில நாள் ஒதுக்கிவைக்க வேண்டும். ஒதுக்காமல் கேனில் சேர்த்தால் மருந்தின் எச்சம் வருகிறது. இரண்டுக்கும் பின்னால் குற்ற நோக்கம் இல்லை. தெரியாமை இருக்கிறது; தெரிந்தும் செய்ய வழியில்லாத நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது.

உணவுப் பாதுகாப்பு என்றதும் நம் மனத்தில் வருவது ரெய்டு, பறிமுதல், சீல் வைத்த கடை. கலப்படக்காரனைப் பிடிக்க அவை வேண்டியவைதான். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் கலந்தவனுக்கு வகுப்பெடுத்துப் பயனில்லை. ஆனால் நம்மை நோயாக்கும் உணவில் பெரும்பங்கு, கெடுதல் செய்ய நினைக்காதவர்களின் கைகளிலிருந்தே வருகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 60 கோடிப் பேர் அசுத்த உணவால் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் மதிப்பிட்டது; இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலத்தில் மட்டும் 1,75,000 மரணங்கள். இந்த எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் உணவைக் கையாளும் மனிதருக்குத் தொழிலிடத்திலேயே கொடுக்கும் பயிற்சிதான் முதன்மையான கருவி என்பது என் வாதம். இன்று நாம் நடத்தும் பயிற்சியில் பெரும்பகுதி அந்தக் கருவியாக இன்னும் ஆகவில்லை என்பது அதன் மறுபாதி.

ஆய்வகம் இருக்கும்போது பயிற்சி எதற்கு என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். ஓர் ஆலையில் தயாரான பொட்டலங்களில் நூற்றுக்கு ஒன்றில் சால்மொனெல்லா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 பொட்டலங்களைப் பிரித்துச் சோதிக்கிறோம். அவற்றில் ஒன்றுகூடக் கெட்டதாகச் சிக்காமல் போக எவ்வளவு வாய்ப்பு? 0.99-ஐ 60 முறை பெருக்கிப் பாருங்கள்: சுமார் 55 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் ஆய்வறிக்கை 'சுத்தம்' என்றே வரும். தவறவிடும் வாய்ப்பை 5 விழுக்காட்டுக்குக் குறைக்க ஏறக்குறைய 300 பொட்டலங்களைப் பிரிக்க வேண்டும். பிரித்தது எதுவும் விற்பனைக்கு ஆகாது. கெட்டது ஆயிரத்தில் ஒன்று என்றால் 60 மாதிரிச் சோதனை நூற்றுக்கு 94 முறை ஏமாறும். இந்தச் சிக்கலை முதலில் கூர்மையாக உணர்ந்தவர்கள் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தவர்கள். அமெரிக்காவில் 1960-களில் நாசாவும், ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகமும், பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து வேலை செய்தபோது, உணவு பாதுகாப்பானது என்று நிரூபிப்பதற்கே தயாரித்ததில் பெரும்பகுதியைச் சோதனையில் அழிக்க வேண்டியிருந்தது. அதனால் கடைசியில் சோதிப்பதை விட்டு, ஒவ்வொரு படியிலும் எங்கே கெடுதல் நுழையும், எந்தப் படியைப் பிடித்தால் அதைத் தடுக்கலாம் என்று முன்கூட்டியே ஆராயத் தொடங்கினார்கள். ஹாசப் என்று இன்று தொழிற்சாலைகளில் சொல்லப்படும் முறை அங்கே பிறந்தது. 1993-ல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு அதற்கு உலகளாவிய வழிகாட்டுதல் தந்தது. இந்த முறையில் பாதுகாப்பு என்பது ஆய்வகத்து வேதியியலாளர் கடைசியில் தரும் தீர்ப்பாக இருப்பதில்லை. கொதிகலன் அருகிலோ குளிரறை வாசலிலோ நிற்பவர் குறிப்பிட்ட ஒரு நிமிடத்தில் எடுக்கும் முடிவில் அது இருக்கிறது. அவருக்கு என்ன தெரியும் என்பது அதனால்தான் இவ்வளவு முக்கியமாகிறது.

அப்படிப்பட்ட ஒரு நிமிடத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். கல்லூரி விடுதிச் சமையற்கூடம். மதியத்துக்கு வடித்த சோற்றில் கால் அண்டா மீந்துவிட்டது. மூடிவைத்தால் இரவுக்கு எலுமிச்சை சாதம் கிளறலாம். மாஸ்டர் மூடி வைக்கிறார். சோற்றை வீணடிக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிநீரில் பாக்டீரியா சாகும், வித்து சாகாது. சோறு 60 டிகிரிக்குக் கீழே ஆறத் தொடங்கியதும் வித்து முளைக்கும். 30 முதல் 40 டிகிரி வரையிலான சூடு அதற்கு உகந்தது. அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பதாகக் கொண்டால் ஒரு கிராமில் இருந்த 100 உயிரிகள் ஆறு மணி நேரத்தில் நாலு லட்சத்தைத் தாண்டும். கிராமுக்கு ஒரு லட்சம் என்பதே ஆபத்தின் எல்லையாகக் கருதப்படுகிறது. அது வெளிவிடும் வாந்தி நச்சு மறுபடி கிளறினாலும் சிதையாது, அழுத்தக் கலத்தின் சூட்டையும் தாங்கும். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் தொடர்ந்து வாந்தி எடுத்ததை ஆராய்ந்தபோது கண்டதும் இதுதான்: வெந்த சோற்றைச் சமையலறை வெப்பத்திலேயே மணிக்கணக்காக வைத்திருந்து பிறகு வதக்கியிருந்தார்கள்.

இங்கே மாஸ்டரின் அனுபவம் அவரைக் காப்பாற்றாது. ஊசிப்போனதை அவர் மூக்காலேயே கண்டுபிடிப்பார். ஆனால் வாடையைக் கிளப்பும் நுண்ணுயிரிகள் வேறு, நோயைத் தரும் நுண்ணுயிரிகள் வேறு; பின்னவை பெருகிய சோறு பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கலாம். இருபது ஆண்டுகள் சமைத்தவருக்கு இதை யாராவது ஒருமுறை உட்கார்ந்து விளக்கினால் ஒழியத் தெரிய வழியில்லை. தீர்வும் எளிது. அண்டாவில் இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் சோற்றை அகலத் தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் போதும். வெப்பம் வெளியேறும் நேரம் ஏறத்தாழ ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஆழம் நாலில் ஒன்றானால் ஆறும் நேரம் பதினாறில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிறகு குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே. அல்லது ஆறவிடாமல் 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருப்பது. 'சுத்தமாக இருங்கள்' என்று நூறு முறை சொல்வதை விட இந்த ஒரு விஷயத்தைக் காரணத்தோடு சொல்லி, ஒரு தெர்மாமீட்டரை அண்டாவின் நடுவில் குத்திக் காட்டுவது பெரிய பயிற்சி. மேற்பரப்பு ஆறியிருக்க, நடுவில் இன்னும் 45 டிகிரி என்று திரையில் தெரியும்போது சமைப்பவரின் முகத்தில் வரும் மாற்றத்தை எந்தச் சுவரொட்டியும் கொண்டுவராது.

இந்தியாவில் இத்தகைய பயிற்சி ஒரு தொழிலையே திருத்திய வரலாறு உண்டு. 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடல் உணவுக்குத் தடை விதித்தது. அவர்களின் ஆய்வாளர்கள் இங்கே வந்து பார்த்தபோது சுகாதாரக் குறைபாடுகள் பலவற்றைக் கண்டிருந்தார்கள். அதே ஆண்டு இறுதியில் அமெரிக்காவும் கடல் உணவுக்கு ஹாசப்பைக் கட்டாயமாக்கியது. இறாலை உரித்துத் தலை நீக்கும் பீலிங் ஷெட்டுகள் அன்று ஆலைகளுக்கு வெளியே, பல இடங்களில் நல்ல தண்ணீர்கூட இல்லாமல் இயங்கின. பக்கத்துக் கிராமத்துப் பெண்கள்தான் வேலை செய்தார்கள். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் ஏற்றுமதி ஆய்வு அமைப்பும் ஆலைகளோடு சேர்ந்து வேலையில் இறங்கின. உரிக்கும் பணி ஆலைக்குள்ளோ தரம் பார்த்து ஏற்கப்பட்ட கூடத்துக்கோ வந்தது. தண்ணீரும் ஐஸும் சோதனைக்குள்ளாயின. மேற்பார்வையாளரும் உரிப்பவரும் பயிற்சி பெற்றார்கள். 2023-24-ல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவு 17.8 லட்சம் டன், மதிப்பு 60,523 கோடி ரூபாய். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆலைக்குள் நுழைந்த ஒழுங்கு இறால் குட்டைக்குப் போய்ச் சேரத் தாமதமானது. வளர்ப்பு இறாலில் நைட்ரோஃபுரான் போன்ற மருந்து எச்சங்கள் தென்பட, 2016-ல் ஐரோப்பா இந்திய வளர்ப்பு இறாலில் பாதியை எல்லையிலேயே சோதிக்கத் தொடங்கியது. பயிற்சி எந்த வாசலில் நின்றதோ, அதற்கு அடுத்த வாசலில் பிரச்சினை முளைத்தது. பாலில் புண்ணாக்கு மூட்டை சொன்னதையே இங்கே குட்டை சொல்கிறது: உணவுத் தொழில் என்ற சங்கிலியில் ஆலை ஒரு கண்ணி மட்டுமே.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கடல் உணவுத் தொழிலைத் திருத்தியது பயிற்சி அல்ல, சந்தை போய்விடும் என்ற பயம் என்பார்கள். பயம் இல்லாமல் நடந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற வேண்டும் என்ற உந்துதலை மட்டுமே பயம் தரும். குளோரின் எவ்வளவு, ஐஸ் எந்த விகிதம், கையுறை கிழிந்தால் என்ன செய்வது என்பதை அது கற்றுத்தராது. இந்த மறுப்பிலிருந்து கிடைக்கும் உண்மையான பாடம் வேறு. வெளிநாட்டு வாங்குபவருக்கு இருக்கும் அதட்டும் உரிமை உள்ளூரில் சாப்பிடுபவருக்கு இல்லை. மெஸ்ஸில் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்த மாணவன் கப்பலைத் திருப்பி அனுப்ப முடியாது. பெரும்பாலும் எந்த வேளைச் சாப்பாட்டால் வந்தது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அந்த அதட்டலை அவன் சார்பில் அரசுதான் செய்ய வேண்டும்.

அரசு முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 1954-ன் கலப்படத் தடைச் சட்டத்திலிருந்து பெரிய திருப்பம். பழைய சட்டம் குற்றவாளியைத் தேடியது. புதிய சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகளின் நான்காம் அட்டவணை, சமையற்கூடம் எப்படி இயங்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. 2017-ல் ஃபாஸ்டாக் என்ற பயிற்சித் திட்டம் வந்தது. லைசென்ஸ் பெற்ற நிறுவனங்களில் 25 பணியாளருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தெருவோர வியாபாரிக்கு ஒரு பாடம், பால் ஆலைக்கு ஒரு பாடம், பேக்கரிக்கு ஒரு பாடம் என்று பிரித்ததும் சரியான யோசனை. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூரிலும் குண்ட்லியிலும் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் என்று சொல்லிக்கொடுக்கும் திறனும் நாட்டில் குறைவில்லை. லட்சக்கணக்கானோர் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். ஆனால் வாங்கியவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் மேலாளர், கணக்காளர், அல்லது முதலாளியின் உறவினர்; லைசென்ஸுக்குத் தேவை என்பதால் ஒரு நாள் போய் உட்கார்ந்து வந்தவர். சட்டப்படி மேற்பார்வையாளர் தம் கீழுள்ள 25 பேருக்குக் கற்றுத்தர வேண்டும். கிரைண்டர் கழுவுபவர் வரை அது இறங்குகிறதா என்று கேட்பார் அரிது. தமிழ்நாட்டு ஓட்டல் சமையற்கூடங்களில் இன்று பாத்திரம் தேய்ப்பவர்களிலும் காய் நறுக்குபவர்களிலும் பலர் பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவர்கள். பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிய விதிகள் அவர்களுக்குச் சுவரின் நிறம் மட்டுமே.

தெரிந்தால் செய்வார்கள் என்ற நம்பிக்கையும் ஆய்வுக்கு நிற்பதில்லை. பிரிட்டனில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், உணவு கையாள்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், சரியான முறை தெரிந்திருந்தும் சில நேரங்களில் அதைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். நேரமில்லை, ஆள் போதவில்லை, வசதியில்லை என்பவையே காரணங்கள். மதியம் ஒரு மணிக்கு நாற்பது ஆர்டர் நிற்கும்போது பச்சைக் கோழி நறுக்கிய கையைக் கழுவ இருபது அடி நடக்க வேண்டும் என்றால் யாரும் நடக்க மாட்டார்கள். கைகழுவும் தொட்டியை அருகில் கொண்டுவராத பயிற்சி பாதிப் பயிற்சி. இன்னொன்று சொல்கிறேன். வயிற்றுப்போக்கு உள்ளவர் உணவைத் தொடக்கூடாது என்று எல்லா வகுப்பிலும் சொல்லப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றும் கட்டாயம். ஜனவரியில் வாங்கிய சான்று ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த வயிற்றுப்போக்கைப் பற்றி எதுவும் சொல்லாது. தினக்கூலி பெறுபவர் உடம்பு சரியில்லை என்று சொன்னால் அன்றைய கூலி போகிறது. ஆகவே சொல்லாமல் வருகிறார். அவர் மீது குற்றமில்லை. அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு மலிவான பாதுகாப்பு என்பதை முதலில் முதலாளிக்குத்தான் கற்றுத்தர வேண்டும்.

அதிகாரம் பற்றியும் பேசியாக வேண்டும். 2013 ஜூலையில் பிகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமைத்தவர் சந்தேகப்பட்டதாகவும், பொருட்படுத்தாமல் சமைக்கச் சொல்லப்பட்டதாகவும் அப்போதைய செய்திகள் தெரிவித்தன. அபாயத்தைக் கண்டறியும் அறிவு அடுப்படியில் இருந்தது. 'இதைச் சமைக்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமை இல்லை. நல்ல ஆலைகளில் எந்தத் தொழிலாளியும் வரிசையை நிறுத்தலாம், நிறுத்தியதற்காக அவர் கேள்வி கேட்கப்பட மாட்டார் என்பது எழுதப்பட்ட விதி. சத்துணவுக் கூடத்திலும் ஓட்டலிலும் அந்த விதி வராதவரை அறிவு வாயை மூடிக்கொண்டுதான் நிற்கும்.

ஆள் நிற்பதில்லை, சொல்லிக்கொடுத்தவுடன் வேறு கடைக்குப் போய்விடுகிறார், எதற்குச் செலவு என்று உரிமையாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போனவர் கற்றதை விட்டுவிட்டுப் போவதில்லை. அடுத்த கடைக்கு அது இலவசமாகப் போகிறது. பலன் ஊருக்கும் செலவு ஒருவருக்கும் என்று இருக்கும் காரியத்துக்குப் பொதுப்பணம் செலவாவதுதான் முறை. சிறு கடைகளுக்கு இலவசப் பயிற்சியும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குத்தும் தெர்மாமீட்டரும் கொடுப்பது, தொற்று பரவிய பின் ஆகும் மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அதேநேரம் எல்லாவற்றையும் பயிற்சியின் தலையில் கட்டக்கூடாது. அபாயத்தையே அகற்ற முடிந்த இடத்தில் அகற்றுவதே மேல். பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு ஓராண்டுக்குத் தடை செய்தது அப்படிப்பட்ட முடிவு; வெப்பமூட்டிச் சுத்திகரித்த முட்டையில் செய்ய வழியிருக்கும்போது, ஒவ்வொரு ஷவர்மா கடைக்காரரின் கவனத்தையும் நம்பியிருக்கத் தேவையில்லை. ஆனால் அதே ஷவர்மாவில் இறைச்சி உள்வரை வெந்ததா என்பதை எந்தத் தடையும் தீர்மானிக்காது. கத்தி பிடித்தவர்தான் தீர்மானிக்கிறார்.

அப்படியானால் பயிற்சி பலித்ததா என்பதை எப்படி அளப்பது? எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்ற கணக்கு உதவாது. ஆய்வுக்கு வரும் அலுவலர் சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழைப் பார்ப்பதை விட, காய் நறுக்குபவரிடம் அவருக்குப் புரியும் மொழியில் இரண்டு கேள்வி கேட்கலாம்: மீந்த சோற்றை என்ன செய்வீர்கள், ஏன்? பிறகு குளிர்பெட்டிப் பதிவேட்டைத் திறக்கலாம். மாதம் முழுவதும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் 4 டிகிரி, 4 டிகிரி, 4 டிகிரி என்று ஒரே பேனாவில் ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அது ஆய்வுக்கு முந்தின இரவு எழுதப்பட்டது. ஒரு நாள் மதியம் 9 டிகிரி என்றும், அதற்குப் பக்கத்தில் 'கதவின் ரப்பர் கிழிந்திருந்தது, பாலை மாற்றி வைத்தோம், மெக்கானிக் வந்தார்' என்றும் யாராவது கோணல் எழுத்தில் எழுதியிருந்தால், அந்த வரிக்காக அபராதம் போடக்கூடாது. அந்தக் கடையில் பயிற்சி நடந்திருக்கிறது.